வியாழக்கிழமைத் திட்டு

சாலைப் பராமரிப்புக் கொட்டகையில் வியாழக்கிழமை மாலையானால் ஆட்கள் திட்டு வாங்கத் தயாராவார்கள். தார்க்கறை படிந்த கைகளை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவி, மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நீளப் பெஞ்சில் வரிசையாக வந்து உட்காருவார்கள். பல் பிடுங்கக் காத்திருப்பவர்களின் களை எல்லார் முகத்திலும் இருக்கும். எதிரே ஒரே ஒரு நாற்காலி. கைப்பிடி வைத்தது, மெத்தை போட்டது. கொட்டகையில் அதைவிட நல்ல நாற்காலி கிடையாது. அது திட்ட வருகிறவருக்கு.

"நிக்கவெச்சா படபடன்னு கொட்டிட்டுப் போயிடுவாங்க. உட்காரவெச்சாதான் ஆற அமரத் திட்டுவாங்க," என்பாள் மேஸ்திரியக்கா.

யார் வீட்டு வாசலில் பள்ளம் விழுந்தாலும், போட்ட சாலை பெயர்ந்துகொண்டு வந்தாலும், தோண்டியதை மூடாமல் விட்டிருந்தாலும், வியாழக்கிழமை அந்த நாற்காலியில் வந்து உட்காரலாம். மனசு ஆறும்வரை திட்டலாம். அந்தச் சாலையைப் போட்ட அதே கைகள் எதிர்ப் பெஞ்சில் மடிமேல் கிடக்கும். மாநகராட்சியின் எந்த விதியிலும் இப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மேஸ்திரியக்கா தன் பாட்டுக்கு ஆரம்பித்தது. யாரும் கொடுக்காத ஒன்று என்பதால், அதை யாரும் பிடுங்கிவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மேஸ்திரியக்கா குள்ளம். மேஸ்திரி என்று அவளுக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. பதவியின் பெயர் பிரிவு மேற்பார்வையாளர். அந்தப் பெயரை வாயில் போட்டு மெல்ல நேரமில்லாத ஆட்கள் மேஸ்திரி என்றார்கள், அக்காவும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவள் கொட்டகைக்கு வருமுன் பல வருஷம் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்தவள். அந்த வருஷங்களில் நகரமே அவள் காதில் ஏறி மிதித்தது. ஃபோனை எடுத்தால் வசவு, வைத்தால் மணி. கூப்பிடுகிறவர் மூச்சு விடாமல் கிழித்துத் தொங்கவிடுவார். அவள் கேட்டு முடித்து, திரையில் அதற்கென்று விட்டிருக்கும் சின்னக் கட்டத்தில் ஒரே வரி அடிப்பாள்: 'சாலையில் பள்ளம்.' அந்த ஒற்றை வரிதான் கொட்டகைக்குப் போகும். ஆட்கள் வந்து பள்ளத்தில் தாரை ஊற்றிவிட்டுப் போவார்கள். திரையில் 'தீர்ந்தது' என்று பச்சை விழும். கொஞ்ச நாளில் அதே ஆள், அதே பள்ளம், இன்னும் நல்ல வசவு.

ஒருநாள் ஒரு கிழவர் கூப்பிட்டு, "எத்தனை தடவைம்மா சொல்றது? நாளைக்கு மழைன்னு ரேடியோக்காரன் கத்துறான், இவனுங்க இன்னிக்கு வந்து ஊத்திட்டுப் போறானுங்க. ஒவ்வொரு தடவையும் மழைக்கு மொத நாள்தான் உங்களுக்கு ஞானோதயம் வருமா?" என்று பொரிந்தார். அவள் வழக்கம்போல 'சாலையில் பள்ளம்' என்று அடித்தாள். அடித்த விரல் அப்படியே நின்றது. கிழவர் சொன்னது பள்ளத்தைப் பற்றி இல்லையே. மழையைப் பற்றி. அதை எங்கே போடுவது? கட்டத்தில் இடமில்லை. இத்தனை வருஷமாகத் தன் காதில் விழுந்த நல்ல சரக்கையெல்லாம் தானே வடிகட்டிக் கீழே ஊற்றிவிட்டு, சக்கையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு பதவி உயர்வில் கொட்டகைக்கு வந்தாள். வந்த சூட்டோடு, தன் மேஜைக்கென்று தானே வாங்கிப்போட்ட நாற்காலியை இழுத்து வெளியே போட்டாள்.

சட்டம் அதிகமில்லை. திட்டுகிறவர் முடிக்கும்வரை பெஞ்சிலிருந்து ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பெற்றவர்களை, பிள்ளைகளை இழுத்தால் மட்டும் மேஸ்திரியக்கா கையைத் தூக்குவாள். "சாலையோட நிறுத்திக்குங்க" என்பாள். இன்னொன்று, 'மன்னிச்சிடுங்க' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "மன்னிப்புக் கேட்டா அவங்க பாவம் பார்த்து எழுந்து போயிடுவாங்க. நமக்கு வேண்டியது அதுக்குப் பின்னாடிதான்டா இருக்கு."

பின்னால் இருப்பதை வெளியே எடுக்க அவளிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. மாநகராட்சியில் எல்லார் வாயிலும் புரளும் சொல்தான். கோப்பு தூங்கினால் 'அப்புறம் பார்க்கலாம்.' குழாய் உடைந்தால் 'அப்புறம் வாங்க.' அந்த அப்புறத்தின் காதைப் பிடித்துத் திருகி அவள் வேறு பக்கம் பார்க்கவைத்தாள். திட்டுகிறவர் களைத்துப்போய் மூச்சு வாங்க நிறுத்துவார். பெஞ்சில் எல்லாரும் குனிந்த தலையோடு இருப்பார்கள். அவள் முன்னால் சாய்ந்து, கதை கேட்கிற குழந்தை மாதிரிக் கேட்பாள்:

"அப்புறம்?"

முதல் வியாழக்கிழமை வந்தவள் சலவைக்கடைக்காரி. அவள் கடை முனையில் சாலை உட்கார்ந்துபோவதும் இவர்கள் நிரப்புவதும் தீராத விளையாட்டாக இருந்தது. அன்றைக்குக் காய்ச்சி எடுத்துவிட்டாள். தார் மட்டமா, ஆள் மட்டமா, இல்லை உங்களை வேலைக்கு எடுத்தவனே மட்டமா என்று மூன்றையும் அலசிப் பிழிந்து உலர்த்திவிட்டு நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? வண்டிங்க குலுங்கிப் போகுது, வாசல்ல சேறு. கடை அழுக்குத் தண்ணி போக வழி இருக்கா? அதுக்கும் உங்க ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போய், என் வீட்டுக்காரர் பாவம், தானே ரோட்டுக்கு அடியில ஒரு குழாயை விட்டாரு—"

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கடைசி வார்த்தையில் குரல் சுருங்கியது. பெஞ்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள். லாரி ஓட்டுகிற ஆள், ஊரே உம்மணாமூஞ்சி என்று கூப்பிடும் ஆள், பிறந்ததிலிருந்து இறுகிக் கிடந்த முகத்தில் ஒரு கோடு விழச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். குழாய் ஒழுகி மண் கரைந்துகொண்டிருந்தது. மேலே எவ்வளவு தார் ஊற்றினாலும் கீழே நிற்க மண் வேண்டாமா? அந்த வாரமே ஒழுங்கான வடிகால் போட்டார்கள். சாலை பிறகு உட்காரவே இல்லை.

எல்லா வியாழனும் அப்படி இனித்துவிடவில்லை. ஒருமுறை வெற்றிலை மெல்லுகிறவரைப் போல நிதானமாகப் பேசிய ஒரு மரக்கடைக்காரர், பழைய வடிகால் தன் கடைக்கு வலப்பக்கம்தான் ஓடுகிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னார். மேஸ்திரியக்கா நம்பினாள். வலப்பக்கம் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் பிளந்து தண்ணீர் மாடி உயரத்துக்கு எழும்பியது. மறு வியாழன் தெருவே திரண்டு வந்தது. நாற்காலியில் உட்கார வரிசை நின்றது. அன்று பெஞ்சின் நடுவில் மேஸ்திரியக்காவும் உட்கார்ந்தாள். ஆசைதீர வாங்கிக் கட்டிக்கொண்டாள். உம்மணாமூஞ்சிதான் அன்றைக்கு அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரூரமாகவே, "அப்புறம்க்கா?" என்றான். ஒருத்தர் திட்டை மட்டும் வைத்துக்கொண்டு தோண்டக் கூடாது, எதிர்வீட்டுக்காரரின் திட்டையும் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டி எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு வழக்கமாயிற்று.

ஆட்களுக்கு இது பிடித்திருந்ததா என்றால், இல்லை. வியாழன் வந்தால் ஒருவனுக்கு வயிற்றுவலி, இன்னொருவனுக்கு மாமியாருக்குக் காய்ச்சல். "வாரம் பூரா முதுகு ஒடியுது, கடைசியில காதும் ஒடியணுமா?" என்பான் உம்மணாமூஞ்சி. வீட்டிலும் நக்கல்தான். அவள் கணவர் ரொட்டி அடுமனையில் வேலை செய்கிறவர். விடியுமுன் போய்ச் சாயங்காலமே கொட்டாவி விடுகிற மனுஷர். "ஊரான் திட்டினா நாற்காலி போட்டுக் கேக்குற. நான் ஒரு வார்த்தை உப்பு கம்மின்னா மூஞ்சியைத் தூக்கிக்கிற," என்பார்.

"நீங்க உப்பு கம்மிங்கறதோட நிறுத்திடுறீங்க. அப்புறம் எதுவும் சொல்றதில்லையே."

இப்படியே போய்க்கொண்டிருந்தது, அவள் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வீட்டுக்கு வரும்வரை.

தம்பி படித்தவன். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பயல். இன்றைக்கு அதே மாநகராட்சியில் 'கற்கும் நகரம்' திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். ஊழியர்கள் வாழ்நாள் முழுக்கக் கற்க வேண்டும், அலுவலகமே தன் தவறுகளிலிருந்து கற்க வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். அவன் அதை நம்பினான் என்பதுதான் அவனுடைய கஷ்டம். சுவரெல்லாம் வாசகம் ஒட்டினான், பயிற்சி வகுப்பு வைத்தான். வகுப்பில் எல்லாரும் கை தட்டினார்கள், தேநீர் குடித்தார்கள். பிரிவுத் தலைவர்கள் எழுந்து தங்கள் பிரிவில் தவறே நடக்கவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அக்கா, வர்ற வியாழக்கிழமை வெளியூர்லேர்ந்து குழு வருது. நம்மைக் கற்கும் நகரம்னு அறிவிக்கலாமான்னு பார்க்க. கொட்டகைக்கும் வருவாங்க."

"வரட்டும். பெஞ்சுல இடமிருக்கு."

"அதான் வேண்டாங்கறேன். அந்த ஒரு நாள் மட்டும் நிறுத்திவை. ஆணையரே சொல்லிட்டாரு. வர்றவங்க முன்னாடி மாநகராட்சி ஆளுங்க குற்றவாளி மாதிரி வரிசையா உட்கார்ந்து... அசிங்கமா இருக்குமாம்."

"டேய், நீ வகுப்புல என்னடா சொல்ற? தப்புலேர்ந்து கத்துக்கணும்னுதானே?"

"ஆமா."

"தப்பை யார்கிட்டேர்ந்து தெரிஞ்சுக்குவ? செஞ்சவன்கிட்டயா, அனுபவிச்சவன்கிட்டயா?"

தம்பி பழப்பையின் காதை முறுக்கினான். சின்ன வயதில் சட்டை நுனியை அப்படித்தான் முறுக்குவான். "உன்கூட வாதாட வரலக்கா. ஆணையர் சொன்னதைக் கேக்கலைன்னா உன்னைத் தூக்கி எங்கேயாவது போட்டுடுவாரு. அதுக்கப்புறம் என்ன ஆகும் தெரியுமா? நீ இருக்கிறதால உட்கார்றானுங்க. நீ கேட்டைத் தாண்டின மறுநாளே அந்தப் பெஞ்சை உடைச்சு அடுப்பெரிச்சிடுவானுங்க. ஒரு நாளுக்காக மொத்தத்தையும் இழக்கப்போற."

அது குத்தியது. ஆணையருக்கு அவள் பயப்படவில்லை. ஆனால் தம்பி சொன்னது பொய்யில்லையோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் உள்ளே வெகு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. தான் இல்லாவிட்டால் நிற்காத ஒன்று என்றால், அது தன் பிடிவாதம்தானே தவிர வேறென்ன? அன்றைக்கு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவர் பார்த்துவிட்டு, "ஒரு நாள்தானே, விட்டுக்கொடேன்," என்றார்.

"நாலு பேர் பார்க்க வர்ற நாளா பார்த்து ஒளிச்சுவெச்சா, அப்புறம் அது நல்லதே இல்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

வியாழக்கிழமை மதியம் கொட்டகையின் பெரிய இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே சுவருக்கு வெள்ளை அடித்து, பெஞ்சு இருந்த இடத்தில் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். காவலாளி சங்கடத்தோடு நெளிந்தான். "மேல உத்தரவுக்கா."

"சாவி கேக்கலப்பா. நாற்காலியை மட்டும் எடுத்து வெளிய போடு. அது மாநகராட்சி சொத்து இல்லை. என் மேஜைக்கு நானே வாங்கிப்போட்டது."

நாற்காலி சுவருக்கு மேலாகக் கைமாறி வெளியே வந்தது. நடைபாதையில் போட்டார்கள். ஆட்கள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்கள், கால்கள் சாலையில். அன்றைக்கு வந்தவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். வெட்டவெளி என்பதால் குரலை நன்றாகவே திறந்தார். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். அவர்களிடமும் மிச்சம் மீதி திட்டு இருந்தது. கும்பல் சேர்ந்தது. குழுவின் கார்கள் கதவுப் பக்கம் திரும்பமுடியாமல் ஒலியெழுப்பின. முதல் காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஆணையரின் முகம் தெரிந்தது. வேன் ஓட்டுநர் காரைப் பார்த்து, "அவசரமா? இந்தப் பள்ளத்துல நாங்க தினம் நிக்கிறோம், நீங்க ஒரு நாள் நில்லுங்க!" என்றார். கார்கள் பின்னோக்கி நகர்ந்து வந்தவழியே போயின. தம்பி கடைசிக் காரில் இருந்தான். அக்காவை அவன் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவன் பட்ட பாடுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆணையர் அறைக்கு அழைப்பு வந்தது. அகலமான அறை. குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. தம்பி சுவரோரம் நின்றிருந்தான். அவளுக்கு உட்கார நாற்காலி இல்லை.

ஆணையர் ஆரம்பித்தார். கீழ்ப்படியாமை. மாநகராட்சியின் மானம். குடிநீர்க் குழாயை உடைத்த கதை. சாலைப் பணியாளர்களைச் சந்தி சிரிக்கவைத்தது. விஷயம் தெரிந்த மனிதர், வார்த்தைக்குப் பஞ்சமில்லை. கடைசியாக மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். வாளியில் சொட்டு விழுந்தது.

மேஸ்திரியக்கா கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "அப்புறம் சார்?"

சுவரோரம் தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன அப்புறம்? நக்கலா? உங்களால நேத்து அவங்க முன்னாடி நான்... நீங்கெல்லாம் என்னைப் பத்தி என்ன நினைச்சுட்டு இருக்கீங்க?"

"அப்புறம் சார்?"

"போன மாசம் மேடையில நின்னு நகரத்துல பள்ளமே இல்லைன்னு பேசறேன். கீழே எல்லாரும் கை தட்டுறான். பேசிட்டுக் கார்ல ஏறினா, அந்த மைதானத்து வாசல்லயே கார் பள்ளத்துல இறங்குது! டிரைவர்லேர்ந்து என்ஜினியர்வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட கொண்டுவர்ற எல்லாத்துலயும் பச்சை, பச்சை, பச்சை! ஒருத்தனாவது வாயைத் திறந்து என்கிட்ட..."

அதோடு நின்றுவிட்டார். சலவைக்கடைக்காரியின் குரல் அன்றைக்குச் சுருங்கிய அதே இடம். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஆணையர் ஆனார். திங்கட்கிழமையிலிருந்து புகார்ப் பிரிவுக்குத் திரும்பலாம், கொட்டகைப் பக்கம் தலை காட்டக் கூடாது, வியாழக்கிழமைக் கூத்து இத்தோடு சரி.

அவள் கும்பிடு போடவில்லை. கதவருகே போய்த் திரும்பினாள். "கடைசியா சொன்னீங்களே சார், அதை ஒரு வியாழக்கிழமை வந்து சொல்லியிருந்தா உங்களுக்கும் நாற்காலி போட்டிருப்பேன்."

குழு வேறொரு நல்ல சாலை வழியாக நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. கற்கும் நகரம் என்ற பித்தளைப் பலகை வந்து சேர்ந்தது. தலைமை அலுவலக வாசலில் அதை அடிக்கப்போய் ஆணி சுவருக்குள்ளிருந்த மின்கம்பியில் இறங்கி, கீழ்த்தளம் முழுக்க விளக்கு போயிற்று. கம்பி அங்கே ஓடுகிறது என்று அங்கிருந்த துப்புரவுக்காரரிலிருந்து காசாளர்வரை சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

தொலைபேசி அறை அப்படியே இருந்தது. அதே சுழல்நாற்காலி, அதே சின்னக் கட்டம். மேஸ்திரியக்கா கட்டத்தைப் பார்த்து முறைத்தாள். வந்த முதல் நாளே அதில் 'சாலையில் பள்ளம்' என்று அடிக்க மறுத்தாள். கேட்டதைக் கேட்டபடி அடித்தாள். கட்டம் நிரம்பினால் அடுத்த புகாராகத் திறந்து தொடர்ந்தாள். ஒரே கிழவரின் கோபம் ஏழெட்டுப் புகாராக ஓடியது. பிரிவுத் தலைவி வந்து தலையிலடித்துக்கொண்டாள். "இன்னும் எங்கே மாத்துவாங்க? இதுக்குக் கீழே ரூம் இல்லை," என்றாள் மேஸ்திரியக்கா.

ஆனால் வியாழக்கிழமை மதியத்திலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருந்தாள். கை கழுவியிருப்பார்கள். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நிம்மதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். தம்பி கெட்டிக்காரன்தான், அப்போதே சொன்னான். அடுப்பெரிக்கும் அளவுக்கு அது நல்ல மரம்கூட இல்லை.

மணி அடித்தது.

"புகார்ப் பிரிவு, சொல்லுங்க."

எதிர்முனையில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஒரு செருமல்.

"நான்தான்க்கா."

உம்மணாமூஞ்சி. இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்கு ஃபோன் செய்ததே இல்லை. யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினை." அவன் குரல் வழக்கம்போல எரிச்சலாக இருந்தது. "நடைபாதையில நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கோம். ஒருத்தரும் வரல. நீங்க போயிட்டதால நிறுத்தியாச்சுன்னு நினைச்சுட்டாங்க போல. மழை வேற வர்ற மாதிரி இருக்கு. நேத்து ஆஸ்பத்திரித் தெருவுல ஒரு வேலை பண்ணோம், அது சரியாப்படலக்கா. எனக்கே திருப்தியில்ல. அந்தத் தெருக்காரங்க யாராவது கோவமா கூப்பிட்டா இந்தப் பக்கம் அனுப்பிவைங்க."

அவள் சுழல்நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். "ஆணையர் பார்த்தா?"

"பார்த்தா உட்காரச் சொல்றோம். வேறென்ன?"

"பசங்க யாரும் வயித்துவலின்னு போகலையா?"

"ஒருத்தன் கிளம்பினான். நான்தான் சட்டையைப் பிடிச்சு உட்காரவெச்சேன்." கொஞ்சம் தயங்கினான். "சரி, வெச்சிடறேன். உங்க லைனை அடைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவன் வைப்பதற்குள் பக்கத்து விளக்கு மினுக்கியது. எடுத்தாள். ஒரு பெரியவர். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லாமல் நேராக இறங்கினார். ஆஸ்பத்திரித் தெரு. நேற்று மூடிய பள்ளம் இன்றைக்கு வாயைப் பிளந்திருக்கிறதாம். உங்களுக்கெல்லாம் கண் பின்னந்தலையிலா இருக்கிறது, சம்பளம் வாங்கும்போது கை கூசவில்லையா, நானும் வெயில் மழை பார்க்காமல் உழைத்தவன்தானம்மா. வரிசையாக, அடுக்கடுக்காக, ஒரு சொல் இன்னொன்றின் தோளில் ஏறி நின்றது. மேஸ்திரியக்கா விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மூச்சு வாங்க அவர் நிறுத்தினார்.

"ஐயா," என்றாள், "இவ்வளவு நல்லா திட்டுறீங்க. இதைப் போய் ஃபோன்ல வீணாக்குறீங்களே. கொட்டகை உங்க தெருவுக்கு அடுத்த முனைதானே? இப்பவே நடங்க. பள்ளத்தை மூடின ஆளுங்களே வெளிய உட்கார்ந்திருக்காங்க, உங்களுக்காகத்தான். நாற்காலி போட்டிருக்கு."

எதிர்முனையில் செருப்பைத் தேடுகிற சத்தம்.